பேரிடரிலிருந்து அரசு பாடம் கற்கிறதா?

பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்கும் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது: "பேரிடர்க் கொள்கை ஆய்வு என்று ஒரு துறையே இருக்கிறதாம். அதில் ஆராய என்ன இருக்கிறது? வெள்ளம் வருகிறது, அரசு நிவாரணம் கொடுக்கிறது, ஒரு கமிட்டி போடுகிறது, இரண்டு வருடத்தில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் எந்த அரசாவது பாடம் கற்றிருக்கிறதா?"

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அந்த 'மறந்துவிடுகிறார்கள்' என்பதைத்தான் இந்தத் துறை ஆராய்கிறது. யார் மறக்கிறார்கள், எதை மறக்கிறார்கள், எதை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள், ஏன்? புயல் எப்படி உருவாகிறது என்று பார்ப்பது வானிலை ஆய்வாளர் வேலை. மதகு எத்தனை கனஅடி தாங்கும் என்று கணக்குப் போடுவது பொறியாளர் வேலை. புயல் வரும் என்று தெரிந்தும், மதகு தாங்காது என்று தெரிந்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்பது எங்கள் வேலை.

என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அரசுகள் கற்கின்றன. ஆனால் கடைசியாக வந்த பேரிடரில் எது கண்ணுக்குத் தெரிந்ததோ அதை மட்டும் கற்கின்றன. அதையும் நினைவில் வைத்திருப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓர் அமைப்பு இருந்தால்தான் கற்கின்றன.

முதலில் சட்டங்களைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி. அடுத்த ஆண்டு டிசம்பருக்குள் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்துவிட்டது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. நம் ஊர் வேகத்துக்கு இது மின்னல்தான். எப்படி முடிந்தது? சுனாமிக்குப் பிறகு யாரோ உட்கார்ந்து ராவோடு ராவாக யோசித்ததால் இல்லை. 1999 ஆகஸ்டிலேயே மத்திய அரசு ஜே.சி. பந்த் தலைமையில் ஒரு உயர்நிலைக் குழுவை அமைத்திருந்தது. அதற்குள் ஒடிசா புயல் வந்தது, 2001 ஜனவரி 26 அன்று குஜராத் பூகம்பம் வந்தது. குழு 2001-இல் அறிக்கை கொடுத்தது. அதுவரை வேளாண் அமைச்சகத்தின் ஒரு மூலையில் இருந்த பேரிடர் நிர்வாகம் உள்துறைக்கு மாறியது. வறட்சியும் பஞ்சமும்தான் பேரிடர் என்று நினைத்த காலத்தின் மிச்சம் அந்த வேளாண் அமைச்சக ஏற்பாடு. ஆக, சுனாமி வந்தபோது சரக்கு தயாராக இருந்தது. கதவு திறந்ததும் உள்ளே தள்ளினார்கள்.

அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் கிங்டன் இதை 'கொள்கை ஜன்னல்' என்பார். பிரச்சினை, தயாராக இருக்கும் தீர்வு, அரசியல் சூழல் மூன்றும் ஒரே நேரத்தில் சேரும்போது ஜன்னல் திறக்கும், கொஞ்ச நாளில் மூடிக்கொள்ளும். தாமஸ் பர்க்லண்ட் என்பவர் 1997-இல் இதைப் பேரிடர்களுக்குப் பொருத்திப் பார்த்தார். பூகம்பம், சூறாவளி, எண்ணெய்க் கசிவு, அணு உலை விபத்து என்று எடுத்து, எது கொள்கையை மாற்றியது, எது மாற்றவில்லை என்று ஒப்பிட்டார். அவர் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: அமெரிக்காவில் பூகம்பத்துக்கென்று நில அதிர்வியலாளர்கள், கட்டடப் பொறியாளர்கள் என்று ஒரு சமூகம் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. சூறாவளிக்கு அந்த அளவில் ஆள் இல்லை. அதனால் பூகம்பங்களுக்குப் பிறகு தடுப்புப் பற்றிப் பேச்சு நடந்தது. சூறாவளிகளுக்குப் பிறகு பெரும்பாலும் நிவாரணம் பற்றியே பேச்சு. இழப்பின் அளவு மட்டும் எதையும் தீர்மானித்துவிடவில்லை.

சரி, சட்டம் வந்துவிட்டது என்றால் பாடம் கற்றாயிற்றா? அதே 2005 சட்டத்தை எடுத்துப் படியுங்கள். பிரிவு 46 நிவாரண நிதி பற்றியது. பிரிவு 47 தணிப்பு நிதி, அதாவது பேரிடர் வருமுன் பாதிப்பைக் குறைக்கும் வேலைகளுக்கான பணம். நிவாரண நிதி ஓடிக்கொண்டிருந்தது. தேசியத் தணிப்பு நிதி அமைக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2021 பிப்ரவரியில். ஒரே சட்டம், அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள், நடுவில் ஒரு பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்புக்குப் போகும் காலம். அதுவும் பதினைந்தாவது நிதிக்குழு, மாநிலங்களுக்கான பேரிடர் நிதியை 80 சதவீதம் மீட்பு, நிவாரணம், தயார்நிலைக்கும், 20 சதவீதம் தணிப்புக்கும் என்று பிரித்துக் கொடுத்த பிறகு நடந்தது.

இந்த இடைவெளியை அதிகாரிகளின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆய்வாளர்கள் அப்படிப் போகவில்லை. அதிலிருந்துதான் இந்தத் துறையின் மிகச் சங்கடமான முடிவு வந்தது. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா இருவரும் 2009-இல் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளைப் பேரிடர்ச் செலவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். நிவாரணப் பணம் வந்த இடங்களில் ஆளுங்கட்சிக்கு வாக்கு கூடியது. முன்தயாரிப்புக்குப் பணம் செலவழித்த இடங்களில் வாக்கில் அசைவே இல்லை. ஆனால் முன்தயாரிப்பில் போட்ட ஒரு டாலர், பின்னால் சுமார் 15 டாலர் சேதத்தைத் தவிர்க்கிறது என்பது அவர்கள் கணக்கு. இப்போது நீங்களே ஒரு அமைச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடையாத கரைக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். உடைந்த கரைக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிசி மூட்டை கொடுத்தால் படம் வரும்.

இந்தியாவில் எப்படி என்று ஷான் கோல், ஹீலி, எரிக் வெர்கர் மூவரும் சட்டமன்றத் தேர்தல்களை மழை அளவோடு சேர்த்துப் பார்த்தார்கள். மழை பொய்த்தாலோ மிஞ்சினாலோ ஆளுங்கட்சிக்கு வாக்கு குறைகிறது. நிவாரணம் ஒழுங்காகக் கொடுத்தால் அந்த இழப்பில் ஒரு சிறு பங்கு திரும்பி வருகிறது. வாக்காளர் நினைவில் நிற்பது பெரும்பாலும் தேர்தலுக்கு முந்தைய ஓராண்டுதான் என்றும் அவர்களுடைய தரவு காட்டியது. மக்கள் முட்டாள்கள் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். வராத வெள்ளத்தை யார் எப்படிப் பார்ப்பது?

இதற்கு மாற்றாக ஒரு நல்ல செய்தியும் உண்டு. டிமதி பெஸ்லி, ராபின் பர்கெஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, செய்தித்தாள் அதிகம் ஓடும் இந்திய மாநிலங்களில் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் அரசு கூடுதலாக அசைந்து கொடுக்கிறது என்று காட்டியது. ஆங்கில, இந்தி நாளிதழ்களை விட மற்ற மாநில மொழி நாளிதழ்களுக்கே இதில் பங்கு அதிகம் என்பதும் அதில் உண்டு. 'தினமும் பேப்பர் படித்து என்ன கிழித்தாய்' என்று கேட்பவர்களிடம் சொல்லலாம். ஆனால் கவனியுங்கள், பத்திரிகையும் அரசை நிவாரணத்துக்குத்தான் உசுப்புகிறது. பேரிடர் நடக்காத நாளில் முதல் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

அப்படியானால் ஒடிசா எப்படித் தப்பியது? எந்த மாநிலமாவது உண்மையில் கற்றதா என்று கேட்டால் எல்லாரும் விரல் நீட்டுவது அங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1999 அக்டோபர் 29 அன்று வந்த பெரும்புயலில் அரசுக் கணக்கின்படியே கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஜகத்சிங்பூர் மாவட்டத்து எரசமா பகுதியில் கடல் ஊருக்குள் வந்தது. எச்சரிக்கை விடப்படாமல் இல்லை. ஆனால் கடலோரம் முழுக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் 23 இருந்தன, அவ்வளவுதான். 'வெளியேறுங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொன்னால் வெளியேறி எங்கே போவது? 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தியிருந்தார்கள். இறப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. 2019 மே 3 அன்று ஃபானி வந்தபோது 12 லட்சம் பேர் நகர்த்தப்பட்டார்கள்.

இடையில் நடந்தது இது. 1999 டிசம்பரிலேயே பேரிடருக்கென்று தனி மாநில அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். சூடு ஆறியதும் அதை மூடிவிடவில்லை. பாதுகாப்புக் கட்டடங்கள் 800-க்கும் மேல் ஆயின. அந்தக் கட்டடங்களை நல்ல நாளில் பள்ளிக்கூடமாகவோ ஊர்ப்பொது வேலைகளுக்கோ பயன்படுத்துகிறார்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். பூட்டியே கிடக்கும் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நள்ளிரவில், மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்றில் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். தினமும் பிள்ளைகள் வந்து போகும் கட்டடத்துக்குக் கதவு திறக்கும், குழாயில் தண்ணீர் வரும், வழி ஊருக்கே தெரியும். கிராமத்திலேயே ஒரு பராமரிப்புக் குழு, ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க ஆள், ஆண்டுதோறும் ஒத்திகை. 'உயிரிழப்பே கூடாது' என்ற ஒரு வரி இலக்கு. ஒவ்வொரு அக்டோபர் 29-ம் மாநிலத்தில் பேரிடர் தயார்நிலை நாள். நினைவை ஒரு நாட்காட்டியில் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

இதையும் ஆய்வுக் கண்ணோடு பார்த்தால் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 1999 புயல் கரையேறிய பிறகும் நகராமல் நின்று கொட்டியது, பைலின் அப்படிச் செய்யவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'பத்தாயிரத்திலிருந்து ஐம்பது' என்று கழித்துக் காட்டுவது மேடைக்கு நன்றாக இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் யாராவது கையைப் பிடிப்பார்கள்.

அப்புறம், கற்றது உயிர் காப்பதை மட்டுந்தான். ஃபானி போன பிறகு பூரிப் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நம் பக்கத்தில் கஜா புயலும் இதே கதைதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அதற்கு முன்பே தாழ்வான இடங்களிலிருந்து மக்களை முகாம்களுக்குக் கொண்டு போயிருந்தார்கள், அதற்காக அரசுக்குப் பாராட்டும் வந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கும் தென்னை படுத்துக் கிடந்தது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் இல்லை. இறப்பு எண்ணிக்கையை வைத்து ஒரு அமைப்பை அளந்தால் அது இறப்பைத்தான் குறைக்கும். அளக்காத ஒன்றை அது கற்காது.

அதுபோல, யாரை மனதில் வைத்து அமைப்பைக் கட்டினோமோ அவர்களுக்குத்தான் அது வேலை செய்யும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது நமக்குத் தெரிந்த பழைய ஏற்பாடு. மூன்றாம் எண், ஏழாம் எண் என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கரையில் நிற்பவனுக்கும் கரைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கும் அது போதும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வெகு வேகமாகப் புயலாக மாறியது. செய்தி கரைக்கு வந்தபோது, கேட்க வேண்டியவர்கள் செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிய எச்சரிக்கை ஏற்பாடெல்லாம் கரையில் இருப்பவர்களைக் கடலிலிருந்து காப்பாற்றத்தான். கடலிலேயே இருப்பவர்களைப் பற்றி ஒக்கிக்குப் பிறகுதான் தீவிரமாக யோசித்தார்கள், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் படகுகளுக்கு வந்தன. 'கடைசியாக வந்த பேரிடரை மட்டும் கற்கிறார்கள்' என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சில நேரம், கற்ற பாடமே அடுத்த ஆபத்தை உண்டாக்கும். கில்பர்ட் ஒயிட் என்ற புவியியலாளர் 1945-இலேயே இதைச் சொல்லிவிட்டார். வெள்ளம் இயற்கையின் வேலை, வெள்ளச் சேதம் பெரும்பாலும் மனிதன் வேலை என்பது அவருடைய வாதம். கரை கட்டினால் கரைக்குப் பின்னால் வீடு வரும், வீடு வந்தால் கடை வரும், கரை ஒருநாள் உடைந்தால் முன்பைவிடப் பெரிய அழிவு. பீகாரில் 1954-இல் சுமார் 160 கிலோமீட்டர் நீளமே இருந்த வெள்ளக் கரைகள் பிறகு 3,400 கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்தன. அதே காலத்தில் வெள்ளம் பாதிக்கும் நிலப்பரப்பு 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 1990-களில் 68 லட்சத்தைத் தாண்டியது. 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் கோசி ஆற்றுக் கரை உடைந்தபோது ஆற்றில் ஓடிய தண்ணீர், அந்தக் கரை தாங்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

சென்னையில் இதற்கு ஒரு தனி உதாரணம் இருக்கிறது, எனக்கு எப்போதும் உறுத்துவது. சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பலவற்றைச் செம்மஞ்சேரி அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். 2005 மார்ச்சில் வந்த அரசாணையின்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் தள்ளிப் போகச் சம்மதித்தால் புது வீடு உண்டு. அங்கேயே இருப்பேன் என்றால் இருக்கலாம், வீட்டுக்கு உதவி கிடையாது. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் காலையில் கடலின் நிறத்தையும் காற்றையும் பார்த்துவிட்டு வலையை எடுக்கலாமா என்று முடிவு செய்கிற மனிதன், இருபது கிலோமீட்டர் தள்ளி மாடி வீட்டில் நின்று எதைப் பார்ப்பான்? சரி, உயிருக்காவது பாதுகாப்பா? செம்மஞ்சேரி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தெற்கே இருக்கும் தாழ்வான பகுதி. 2015-இல் அங்கே வெள்ளம் புகுந்தது. கடல் துரத்தியது, ஏரித் தண்ணீர் வரவேற்றது.

அதே 2015 வெள்ளம் பழிபோடும் அரசியலுக்கும் நல்ல பாடம். டிசம்பர் 1-2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. யாரும் எதிர்பாராத மழை என்றது ஒரு தரப்பு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தொடர்ந்து திறந்துவிட்டதைச் சுட்டிக்காட்டி, மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை. ஆரியன் பாய்ன், பால் ட் ஹார்ட் போன்ற நெருக்கடி ஆய்வாளர்கள் கவனிப்பது இந்தச் சண்டையைத்தான். எந்தப் பெயர் நிலைக்கிறதோ அதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும். இயற்கை என்றால் நிவாரணத்தோடு கணக்கு முடிந்தது. மனிதர் என்றால் ஏரி நிர்வாகம், ஆக்கிரமிப்பு, கட்டட அனுமதி எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். அதனால் முதல் பெயருக்கு எப்போதும் ஆதரவு அதிகம்.

திட்ட ஆவணங்கள் பற்றி ஒரு வார்த்தை. லீ கிளார்க் என்ற சமூகவியலாளர் பல பேரிடர்த் திட்டங்களை 'கற்பனை ஆவணங்கள்' என்று அழைத்தார். எண்ணெய்க் கசிவை இத்தனை மணி நேரத்தில் அள்ளிவிடுவோம் என்று எழுதி வைத்திருப்பார்கள், அப்படி யாரும் எங்கும் அள்ளியதில்லை. 'எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று ஊருக்குக் காட்டத்தான் அந்த ஆவணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத்தின் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தடிமனான புத்தகம், வழவழப்பான அட்டை. பின்னால் அவசரத் தொடர்பு எண்கள். சும்மா ஒன்றைச் சுழற்றினேன். எடுத்தவர் அன்போடு பேசினார். அவர் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. "உங்களுக்கு முன்னாடியும் ரெண்டு பேரு கூப்பிட்டாங்க சார், மழை நேரத்துல" என்றார்.

நீங்கள் இந்தத் துறைக்கு வருவதாக இருந்தால் ஒரு யோசனை. பெரிய பேரிடரை எடுக்காதீர்கள், அதைப் பற்றி ஏற்கெனவே மலைபோல் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரிடர்களுக்கு நடுவில் ஒன்றும் நடக்காத ஏழெட்டு வருடத்தை எடுங்கள். அந்த வருடங்களில் பட்ஜெட்டில் என்ன வெட்டப்பட்டது, ஒத்திகை எப்போது நின்றது, பேரிடர்ப் பிரிவுக்கு எத்தனை பேர் மாற்றலாகி வந்து எத்தனை மாதத்தில் போனார்கள் என்று பாருங்கள். நல்ல வேளையாக இதற்குப் பெரும்பாலும் காகிதம் இருக்கிறது: மானியக் கோரிக்கைகள், கொள்கை விளக்கக் குறிப்புகள், தணிக்கை அறிக்கைகள், மற்றதற்குத் தகவல் உரிமை மனு. 2021-க்குப் பிறகு மாநிலத் தணிப்பு நிதி என்ற புதுக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. அந்த 20 சதவீதம் எந்த மாவட்டத்துக்குப் போனது, எந்த வேலைக்குப் போனது, வேலை முடிந்ததா என்று ஒரே ஒரு மாநிலத்துக்கு ஒழுங்காகப் பார்த்தாலே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.